களரியும் கொட்டகையும்: யாழ்ப்பாணத்து நாட்டார் அரங்கிசையின் வேர்களும் அரங்கவெளிகளின் தேய்வும்

நாட்டார் இசை பற்றி நம்மிடையே எழுந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை பாடலின் சொற்பொருளை ஆராய்வன. சில மெட்டையும் தாளத்தையும் ஆராய்வன. அவ்விசை எங்கே, எப்பொழுது, யாருடைய செலவில், யார் முன்னிலையில் நிகழ்ந்தது என்ற வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படுவதில்லை. ஏட்டில் எழுதப்பட்ட பாடல் நூலகத்தில் வாழலாம். ஆடவும் பாடவும்படுகின்ற கலையோ தனக்குரிய இடமின்றி வாழ்தல் அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்வுண்மை கசப்பான முறையில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

எனவே இக்கட்டுரையில் நாம் இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்கின்றோம். குடாநாட்டின் அரங்கிசை எவ்வெவ் வேர்களிலிருந்து எழுந்தது என்பது முதலாவது. அது நிகழ்ந்த வெளிகள் எவ்வாறு தேய்ந்தன என்பது இரண்டாவது. அரங்கவெளி எனும்பொழுது கட்டடத்தை மாத்திரம் நாம் கருதவில்லை. நிலம், இரவு, காசு, உழைப்பு, கூடியிருப்போரிடையேயான உறவு ஆகிய யாவும் சேர்ந்ததே அரங்கவெளி. இவற்றுள் ஒன்று குலையும்பொழுதும் கலை குலைகின்றது.

1. வேர்கள்

குடாநாட்டின் அரங்கிசையில் மூன்று நீரோட்டங்களைத் தெளிவாக இனங்காணலாம். கூத்து முதலாவது, கொட்டகைக் கூத்து என ஊரவரால் அழைக்கப்பட்ட இசை நாடகம் இரண்டாவது, கோயில் வீதியின் நாதசுர தவில் மேளம் மூன்றாவது.

கூத்து மரபில் வடமோடி, தென்மோடி என்னும் பாகுபாடு நன்கறியப்பட்டது. கரையோரக் கத்தோலிக்க ஊர்களான பாசையூர், குருநகர், நாவாந்துறை, இளவாலை முதலியன தென்மோடிக் கூத்தைப் பேணி வளர்த்தன. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானதன் பின்னர் கரையோரங்களில் வேரூன்றிய கத்தோலிக்கம், காலப்போக்கில் புனிதர் கதைகளையும் ஐரோப்பிய அரசர் கதைகளையும் உள்ளூர்க் கூத்தின் தருவுக்கும் விருத்தத்துக்கும் உரியனவாக்கியது. செபஸ்தியார் கதை, மூவிராசாக்கள் கதை என்பன மத்தளத்துக்கும் தாளத்துக்கும் இசைய ஆடப்பட்டன. பூந்தான் யோசேப்பு போன்ற அண்ணாவிமார் இம்மரபின் பேராசான்களாக மதிக்கப்பட்டவர்கள். சைவ ஊர்களில் புராண இதிகாசக் கூத்துக்களோடு காத்தவராயன் கூத்தும் செல்வாக்குப் பெற்றிருந்தது. அம்மனுக்கு வைத்த நேர்த்திக்காக ஆடப்பட்ட இது சிந்து நடையிற் செல்வது. அதன் மெட்டுக்களைக் கூத்துப் பழகாதவரும் வாய்விட்டுப் பாடுவர்.

இரண்டாவது நீரோட்டம் கடல் கடந்து வந்தது. பம்பாயிலிருந்து பரவிய பார்சி நாடகத்தின் திரைச்சீலைகளும் வடநாட்டு வர்ணமெட்டுக்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்தை எட்டின. அங்கே சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோர் கருநாடக இராகங்களோடு அவற்றை இணைத்து நாடகங்கள் யாத்தனர். அந்நாடகங்களைச் சுமந்துகொண்டு தமிழகக் குழுக்கள் பாக்குநீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம் வந்து கொட்டகையிட்டு ஆடின. பார்த்தவர்கள் பாடக் கற்றனர். கற்றவர்கள் தாமே சபாக்கள் அமைத்தனர். அரிச்சந்திரன், சத்தியவான், நந்தனார், வள்ளி, கோவலன் ஆகியோர் யாழ்ப்பாணக் கிராமத்தின் அன்றாட உரையாடலிற் புழங்கும் பெயர்களாயினர். இந்நாடகத்தின் உயிர்நாடியான ஆர்மோனியத்தின் வரலாறு தனியே குறிப்பிடத்தக்கது. பாரிஸ் நகரில் 1840களில் உருவாகி, வங்காளத்தில் தரையிலமர்ந்து வாசிக்கும் கைத்துருத்தி வடிவம் பெற்ற அக்கருவியை, அந்நியமானது எனக் கூறி அகில இந்திய வானொலி 1940 முதல் பல ஆண்டுகள் விலக்கிவைத்தது. யாழ்ப்பாணத்துப் பாடகனுக்கோ அது இல்லாமல் அரிச்சந்திரன் மயானத்துக்குச் செல்வது இயலாததாயிற்று.

மூன்றாவதான மேளம் கோயிலோடு பிணைந்தது. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்கள் நாதசுர, தவிற் கலைஞர்களின் உறைவிடங்களாயின. தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி (1933–1975), நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதன் (1931–2003) ஆகியோர் இவ்வூர்களின் மண்ணிலே வளர்ந்தவர்கள். தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைத் தமிழக வித்துவான்களும் வியந்து போற்றினர். தமிழகத்திற்கும் குடாநாட்டுக்குமிடையே கலைஞர் இடையறாது வந்துபோன காலமது.

இம்மூன்றோடு, 1960களிலும் 1970களிலும் எழுந்த பொப்பிசையையும் ஒரு கிளையாகக் கொள்ளலாம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பைலாவின் துள்ளல் தாளத்தில் பேச்சுவழக்குத் தமிழை ஏற்றிப் பாடினர். ஆபிரிக்க, போர்த்துக்கேய வழிவந்த சிங்களக் கரையோர இசையும் யாழ்ப்பாணத்துக் கேலிப் பேச்சும் இங்கே கைகோத்தன.

இவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. ‘மண்ணின் இசை’ என நாம் பெருமையோடு கூறும் இவ்விசையின் வேர்கள் பம்பாய்க்கும் பாரிசுக்கும் லிஸ்பனுக்கும் ஓடுகின்றன. ஆயினும் அது யாழ்ப்பாணத்து இசையே. பல திக்கிலிருந்தும் வந்தவற்றை யாழ்ப்பாணத்து இசையாக மாற்றியது எது என்பதே வினா. நிகழ்ந்த இடமே அவ்வாறு மாற்றியது என்பது எமது கருத்து.

2. இடம் வகுத்த இசை

கூத்தும் இசை நாடகமும் மேளச்சமாவும் இராக்கலைகள். பகலெல்லாம் தோட்டத்திலும் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள் இரவிலேயே கூட முடிந்தது. குடாநாட்டில் ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். மழை ஓய்ந்து, தையில் நெல் அறுவடை முடிந்தபின் கையிற் சிறிது காசும் மனத்திற் சிறிது ஓய்வும் வரும். பங்குனி தொடங்கி ஆவணி வரை கோயிற் கொடியேற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நிகழ்ச்சிகளின் நாட்காட்டி இவ்வாறு உழவும் மழையும் வழிபாடும் சேர்ந்து வகுத்ததாகும்.

கூத்தொன்று மேடையேறுவதற்கு மாதக்கணக்கில் ஆயத்தம் வேண்டும். ஊரவர் அண்ணாவியாரை அழைப்பர். சட்டம் கொடுத்தல் எனப்படும் பாத்திரப் பங்கீடு நிகழும். இரவுதோறும் பழக்கம் நடைபெறும். அரங்கேற்றத்தன்று ஊரே திரளும். ஆடுபவன் கூலி பெறுவதில்லை; தன் உடைக்குத் தானே செலவழிப்பான். மேளச்சமாவுக்கோ உபயகாரர் உண்டு. ஒரு திருவிழாக்காரர் இரண்டு கூட்டு மேளம் அழைத்தால் மறுநாட் திருவிழாக்காரர் நான்கு கூட்டு மேளம் அழைப்பர். அப்போட்டியில் செல்வப் பெருமிதம் இருந்தது. ஆனால் அதன் பயனாக வித்துவான் வாழ்ந்தான், சிறுவன் ஒருவன் வீதி மணலிற் கிடந்தபடியே தவில் தனியாவர்த்தனத்தைக் கேட்டு வளர்ந்தான்.

இடம் இசையின் உடலையே வகுத்தமையையும் நாம் காணவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத திறந்த வெளியில் கடைசி வரிசைக்குக் குரல் எட்டவேண்டும். ஆகவே பாடகர் மேற்சுருதியிற் பாடினர். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வரியைத் திருப்பிப் பாடியமை ஆடுபவனுக்கு மூச்சு வாங்க இடமளித்தது. தூரத்திலிருந்தோருக்குச் சொல்லை மறுமுறை கேட்பித்தது. பாத்திரம் ஒவ்வொன்றும் வரவுத்தருவோடு தோன்றித் தன்னைத் தானே அறிமுகஞ் செய்தமையால், பிந்தி வந்தவனும் இடையில் உறங்கி விழித்தவனும் கதையைத் தொடர முடிந்தது. இராகங்களை நீட்டிப் பாட விடியும்வரை நேரமிருந்தது. ‘நீளம்’, ‘கூறியது கூறல்’ எனப் பிற்காலத்திற் குறையாகச் சுட்டப்பட்டவை உண்மையில் அவ்வெளியின் இலக்கணங்களாகும்.

3. களரியின் உட்கோடுகள்

ஆயின் இவ்வெளியைப் பொற்காலமாகத் தீட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. நிலமானிய உறவுகளும் சாதியமைப்பும் இறுகியிருந்த சமூகத்தில் அரங்கவெளியும் அவ்விறுக்கத்தைத் தன்னுட் கொண்டிருந்தது. எவர் கோயிலின் உள்வீதி வரை செல்லலாம், எவர் வெளிவீதியில் நிற்கவேண்டும், எவர் எங்கே அமரலாம், எவருக்கு எந்தப் பாத்திரத்தில் தேநீர் என்பன யாவும் வரையறுக்கப்பட்டிருந்தன. ஒரே இரவில் ஒரே பாட்டைக் கேட்டு ஒரே இடத்திற் கண்ணீர்விட்ட மக்கள், சமமாக அமர்ந்து கேட்டார்களில்லை.

கலைஞரின் நிலையும் இத்தகையதே. மேளக்காரரின் கலை கோயிலுக்கு இன்றியமையாதது. ஆனால் அவர்களது சமூகத் தகுதி வேளாளருக்குக் கீழானதாகவே வைக்கப்பட்டது. கோயில்களில் ஆடிய சின்னமேளத்தைச் சைவ மறுமலர்ச்சியாளர் கண்டித்தனர். ஆறுமுக நாவலரின் (1822–1879) கண்டனம் இதற்கு முன்னோடி. கற்றோர் குழாம் கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) போன்றோர் வழி வளர்ந்த சபா நாடகத்தை ஏற்றுக்கொண்டது. கொட்டகைக் கூத்தையோ பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கலைஞர்களே தலைமுறை தலைமுறையாகத் தாங்கினர். ‘கூத்தாடி’ என்ற சொல் வசையாகவும் வழங்கியது. அரிச்சந்திரன் புலையனுக்கு அடிமையாகிச் சுடலை காத்த காட்சியை, ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்ட ஒருவன் கோயில் வீதியில் நின்று பாடுகையில், அப்பாடலுக்கு நூலிற் காணாத ஒரு பொருள் ஏறியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) இம்மரபைக் குடாநாடு முழுவதற்கும் உரியதாக்கியவர். அவரது வசந்தகான சபா நடித்த அரிச்சந்திர மயான காண்டம் ஆயிரக்கணக்கான தடவை மேடையேறிற்று. ஒவ்வொரு ஊரின் கோயில் வீதியும் அவருக்கு மேடையாயிற்று. சாதிக்கோடுகளை அவரது குரல் அழித்துவிட்டது எனக் கூறுதல் மிகையாகும். அக்கோடுகளைத் தாண்டிக் கேட்கவேண்டிய கட்டாயத்தை அது ஏற்படுத்தியது எனலாம்.

1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்தில் எழுந்த தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் இவ்வெளியின் உரிமை எவருடையது என்ற வினாவை நேராகவே எழுப்பின. அப்போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ நாடகம், காத்தவராயன் கூத்துப் பாணியில் அம்பலத்தாடிகள் குழுவினரால் மேடையேற்றப்பட்டது. வழிபாட்டுக்குரிய மெட்டு வழிபாட்டுரிமையைக் கோரும் மெட்டாக மாறிய இந்நிகழ்வு, அரங்கவெளியை மீட்பது என்பதன் பொருளை நமக்கு உணர்த்துகின்றது.

4. ஓர் ஒப்புநோக்கு

பிற நாடொன்றின் அனுபவத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி மலைநாட்டு மக்களின் இசை ‘கன்ரி’ இசை என இன்று உலகெங்கும் அறியப்படுகின்றது. அதன் வயலின் மெட்டுக்கள் பிரித்தானியத் தீவுகளிலிருந்து சென்றவை. அதன் பாஞ்சோ அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆபிரிக்கரின் கருவி. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் இக்கலப்பிசையை நிறத்தின் பேராற் பிரித்து விற்றன. வெள்ளையர் பாடியது ஒரு வரிசையிலும் கறுப்பர் பாடியது வேறு வரிசையிலும் வெளியாயின. 1927 இல் பிறிஸ்ரல் நகரில் பதிவுசெய்யப்பட்டுப் புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்தினருக்குப் பின்னர் ஊரூராகப் பாட்டுத் தேட உதவியவர் லெஸ்லி றிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். இசை நிலைத்தது, அவர் பெயர் நெடுங்காலம் மறைந்திருந்தது. 1925 இல் நாஷ்வில் வானொலியில் தொடங்கிய புகழ்மிக்க இசைநிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களுள் ஒருவரான கறுப்பின வாத்தியக் கலைஞர் டிபோர்ட் பெய்லி 1941 இல் அதிலிருந்து நீக்கப்பட்டார்.

இரண்டு செய்திகள் இங்கே நமக்கு முக்கியமானவை. கலை மதிப்புப் பெறும்பொழுது அதனைத் தாங்கியோர் ஒதுக்கப்படலாம் என்பது ஒன்று. வானொலியும் இசைத்தட்டும் கிராமிய இசையை நாடறியச் செய்த அதேவேளையில், அது பிறந்த சிறு வெளிகள் தளர்ந்தன என்பது மற்றொன்று. ரெக்சாஸ் மாநிலத்தில் குடியேறிய ஜெர்மானிய, செக் உழவர்கள் கூடிக் கட்டிய மரத்தாலான நடனமண்டபங்கள் பல இன்று மூடிக்கிடக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் முதற்கட்டத் தேய்வு இவ்வழியிலேயே தொடங்கிற்று. ஆனால் இங்கே அது அத்துடன் நின்றுவிடவில்லை.

5. திரையும் ஒலிபெருக்கியும்

1931 இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. கொட்டகை மேடையின் நடிகரும் பாட்டும் கதையும் திரைக்குச் சென்றன. யாழ்ப்பாண நகரில் வின்ஸர், றீகல், வெலிங்டன், ராணி, மனோகரா, ராஜா எனத் திரையரங்குகள் பெருகின. இரண்டரை மணி நேரத்திற் கதை முடிந்தது. கடைசி பஸ்ஸுக்கு வீடு திரும்ப முடிந்தது. விடிய விடிய அமர்ந்திருந்தோரின் காலவுணர்வே மாறிற்று.

ஒலிபெருக்கியின் தாக்கம் இன்னும் நுட்பமானது. அது பாடகனின் தொண்டைக்கு ஓய்வளித்தது உண்மை. ஆனால் தொங்கவிடப்பட்ட ஒலிவாங்கியின் கீழே வந்து நின்று பாடவேண்டியதாயிற்று; ஆட்டம் சுருங்கிற்று. இதனிலும் மேலாக, திருவிழா நாட்களில் இசைத்தட்டின் திரைப்பாடல் ஒலிபெருக்கி வழியே விடியற்காலை முதல் ஊரை நிறைத்தது. பூங்காவனத் திருவிழா இரவில் கூத்தும் மேளமும் இருந்த இடத்திற்குத் திரைப்பாடல் பாடும் இசைக் கோஷ்டிகள் வந்தன. அக்கோஷ்டிகளிலும் திறமைமிக்க உள்ளூர்க் கலைஞர் வளர்ந்தனர் என்பதை மறுத்தலாகாது. எனினும் பாட்டின் ஊற்று ஊருக்கு வெளியே போயிற்று.

ஆயினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். வைரமுத்துவின் புகழ் உச்சநிலையடைந்தது திரைப்படமும் வானொலியும் செழித்த இதே காலத்திலேதான். சந்தையும் தொழில்நுட்பமும் இவ்வெளிகளைச் சுருக்கின, அழித்துவிடவில்லை. கூடுவதற்கு இரவும் நிலமும் இருந்தவரை கூத்துக் களரி பிழைத்திருந்தது.

6. நாம் சுருக்கியமை

பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நமது பங்கையும் இவ்விடத்திற் பேசாதிருத்தல் நேர்மையாகாது. 1956 இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடக உலகில் மரபின் ஆற்றலை மெய்ப்பித்ததையடுத்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்து மரபை அடியொற்றிக் ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். இழிவாகக் கருதப்பட்ட கலை கற்றோர் அவையில் மதிப்புப் பெற்றது, அண்ணாவிமார் பாராட்டப்பட்டனர், கூத்து நூல்கள் பதிப்பிக்கப்பட்டன. அம்முயற்சியின் வரலாற்று முக்கியத்துவம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

அதேவேளை, இரவு முழுதும் நிகழ்ந்தது சில நாழிகைக்குச் சுருக்கப்பட்டது. வட்டக்களரியில் நாற்புறமும் மக்கள் சூழ ஆடப்பட்டது ஒருபுறம் நோக்கிய படச்சட்ட மேடைக்கு வந்தது. உறவினராயிருந்த பார்வையாளர் அனுமதிச்சீட்டுப் பெற்ற சுவைஞராயினர். நகரத்துக்கு இது தேவையான மாற்றமே. ஆனால் ‘செம்மைப்படுத்தப்பட்ட’ வடிவமே கூத்தின் உயர்ந்த வடிவம் என்ற எண்ணம் கிராமத்துக்குத் திரும்பிச் சென்றபொழுது, நீண்ட இரவு பின்தங்கியதாகத் தோன்றலாயிற்று. பாடசாலைப் போட்டிகளில் அரை மணி நேரக் கூத்து இடம்பெற்றது. அதனை இரவு முழுதும் ஆடவல்ல அண்ணாவியார் பரிசளிப்பு மேடையின் ஓரத்தில் அமர்ந்திருந்தார்.

1978 இல் தோன்றிய நாடக அரங்கக் கல்லூரியும், அதன்பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சூழ எழுந்த அரங்க இயக்கமும் வேறொரு திசையைக் காட்டின. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிக் க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் 1985 இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ மண்டபத்தைவிட்டு ஊர்களுக்கும் சென்றது. நாட்டார் மெட்டு மக்களின் அன்றைய துயரைப் பேசிற்று. மக்கள் கூடுவார்கள் என்பது மீண்டும் மெய்ப்பிக்கப்பட்ட அவ்வேளையில், கூடும் இரவு பறிபோய்க்கொண்டிருந்தது.

7. இரவை இழத்தல்

1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏட்டிலிருந்த மரபுக்கு நேர்ந்ததை உலகம் அறிந்தது. குரலிலும் உடலிலும் இருந்த மரபுக்கு அடுத்து நேர்ந்தது அத்துணை வெளிப்படையானதன்று. 1983 இன் பின்னர் போர் விரிந்தபொழுது முதலில் மறைந்தது இரவுதான். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் நிலவும் ஊரில் விடிய விடிய எவரும் கூடியிருக்க முடியாது. மாலையில் தொடங்கி மாலையிலேயே முடியும் திருவிழாவில் மேளச்சமாவுக்கு இடமில்லை. கூத்துக்கு அறவே இடமில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் நிலமும் போயிற்று. வலிகாமம் வடக்கின் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, மாவிட்டபுரம் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பகுதிகள் உயர்பாதுகாப்பு வலயமாயின. வைரமுத்துவின் ஊரும் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்த கோயிலும் இவ்வாறு ஊரவருக்கு எட்டாதனவாயின. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை வந்தது. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றி டைனமோவால் வானொலி கேட்ட காலமது. அக்காலத்திலும் கூத்தும் தெருவெளி நாடகமும் எழுச்சிப் பாடலும் நிகழ்ந்தன. போராட்ட அமைப்பு அவற்றைத் தன் பரப்புரைக்குப் பயன்படுத்தியது. அரங்கம் இருந்தது, ஆனால் எதைப் பாடலாம் என்பதை ஊர் மட்டும் தீர்மானிக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். 1996 இல் திரும்பியவர்கள் ஊரடங்குக்குட் திரும்பினர். 2002 இன் போர்நிறுத்தம் தந்த சிற்றிடைவெளி நீங்கலாக, 2009 வரை இரவு இராணுவத்தினுடையதாகவே இருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் விடியும்வரை நடைபெறும் கூத்தைக் காணாது வளர்ந்தது. இதற்கிடையில் உபயகாரரும் கலைஞரும் புலம்பெயர்ந்தனர். நாதசுரமும் தவிலும் இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ் கோயில்களில் ஒலிக்கலாயின.

திரையாலும் ஒலிபெருக்கியாலும் நேர்ந்த தேய்வு மெல்லியது. மக்கள் தாமே தெரிந்தெடுத்த மாற்றமும் அதில் உண்டு. போரால் நேர்ந்ததோ பறிப்பு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ‘காலமாற்றத்தால் கூத்து அழிந்தது’ எனப் பொதுவாகக் கூறுதல் வரலாற்றுப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

8. இன்றைய நிலையும் நமது கடமையும்

2009 இன் பின் இரவு திரும்பிற்று. நிலமும் பகுதி பகுதியாகத் திரும்பிற்று. 2011 இல் தொடங்கிய யாழ்ப்பாண இசைவிழா, நாட்டின் பல பகுதிகளின் நாட்டார் கலைஞரை ஒரே மேடைக்குக் கொணர்ந்தது. மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கி 1975 இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் இன்று ஒரு பீடமாக வளர்ந்துள்ளது. 2023 பெப்ரவரியில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட பதினொரு மாடிப் பண்பாட்டு மையம் பொதுநூலகத்துக்கு அண்மையில் திறக்கப்பட்டது. 2025 இல் அதன் பெயரோடு திருவள்ளுவர் பெயரும் இணைந்தது. அங்கே 600 பேர் அமரத்தக்க அரங்கம் உண்டு. இவை வரவேற்கத்தக்கவையே.

எனினும் 600 இருக்கைகள் கொண்ட குளிரூட்டிய மண்டபம் கோயில் வீதிக்கு ஈடாகாது. அங்கே வாடகை உண்டு. முடிக்கவேண்டிய நேரம் உண்டு. அரங்கவெளியென நாம் தொடக்கத்திற் கூறிய ஐந்தனுள் நிலம் மட்டுமே கட்டடத்தால் வரும். பார்வையாளர் இல்லை என்ற வாதமும் செல்லுபடியாகாது. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் நிகழ்ந்த தென்னிந்தியப் பாடகர் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சிக்குக் கட்டுக்கடங்காத கூட்டம் திரண்டது. திறந்த வெளியில், இரவில், ஒன்றாகக் கேட்கும் வேட்கை மக்களிடம் இன்னும் உண்டு. அவ்வேட்கைக்கு ஊர்க் கலைஞன் ஈடுகொடுக்க அவனுக்கு மேடையும் ஊதியமும் தொடர்ச்சியும் வேண்டும்.

குடாநாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையம் உண்டு. பலவற்றின் முன்றிலில் சிறு திறந்த மேடையும் உண்டு. ஆண்டுவிழாவுக்கு ஒருநாள் மட்டும் விளக்கேறும் அம்மேடைகளே இவ்விசையின் இயல்பான வாரிசு நிலங்கள் என்பது எமது துணிபு. அவை எந்தக் கோயிலின் ஆதிக்கத்துக்கும் உட்படாதவை. எவரும் எங்கும் அமரலாம் என்ற கொள்கையை அங்கே நடைமுறைப்படுத்துதல் கூடும். உள்ளூராட்சி மன்றங்கள் தமது பண்பாட்டு நிதியைப் பரிசளிப்புக்கும் பொன்னாடைக்கும் மாத்திரம் செலவிடாது, ஆண்டுக்குச் சில இரவுகளேனும் முழுநீளக் கூத்துக்கும் இசை நாடகத்துக்கும் மேளச்சமாவுக்கும் ஒதுக்கல் வேண்டும். பழக்கத்துக்கும் ஊதியம் வழங்கப்படல் வேண்டும். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் திருவிழாப் பணத்தில் ஒரு கூறு உள்ளூர் மேளத்துக்கும் கூத்துக்கும் சேருமாறு உபயகாரர் வழிசெய்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தினராகிய நாம், அண்ணாவிமாரைத் தகவல் தருவோராக மட்டும் நடத்தாது ஆசிரியராக அமர்த்தி, அவர்களது குரலையும் பெயரையும் ஊரையும் ஒருங்கே பதிவுசெய்தல் வேண்டும். மெட்டைப் பதிந்து பாடியவன் பெயரை விடுவது, ஒடுக்கியோர் செய்ததை ஆய்வின் பெயரால் மீண்டும் செய்வதாகும்.

பழைய களரியை அவ்வாறே மீட்டெடுத்தல் நமது நோக்கமாக இருத்தலாகாது. வெளிவீதியில் நிற்கவைக்கப்பட்டவனுக்கு அக்களரியை நினைந்து ஏங்க என்ன உண்டு? களரியின் இரவு வேண்டும். அதன் கோடுகள் வேண்டா. ஊரே கூடி விடியும்வரை கேட்கவும், அக்கூட்டத்தில் எவரும் எவருக்கும் பின்னால் நிறுத்தப்படாதிருக்கவும் கூடிய ஓர் இடத்தை அமைப்பதே இவ்விசைக்கு நாம் செய்யக்கூடிய நன்றி. அத்தகைய இடம் யாழ்ப்பாணத்தில் முன்பு இருந்ததில்லை. ஆகவே அது மீட்புப் பணியன்று. புதிதாகத் தொடங்கவேண்டிய பணி.